இந்தப் படத்தில் இருப்பது யார்? - குடும்ப நினைவுகளைக் காக்கும் எளிய ஸ்கிராப் புக் ஐடியாக்கள்!

பரணில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிவைத்த பழைய புகைப்படங்கள். மாலையும் கழுத்துமாக தாத்தா, பாட்டி. ஸ்டூடியோ திரைச்சீலைக்கு முன்னால் மிரண்டுபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை. பள்ளிக்கூட குரூப் போட்டோ. பெரும்பாலான வீடுகளில் இப்படி ஒரு பெட்டி நிச்சயம் இருக்கும்.

அதிலிருந்து ஏதாவது ஒரு படத்தை எடுத்து, 'இது யார்?' என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 'அம்மாவுக்குத்தான் தெரியும்', 'பெரியத்தைகிட்ட கேட்டா சொல்வாங்க' என்றுதான் பதில் வரும். அந்த அம்மாவும் பெரியத்தையும் இருக்கிறவரைதான் அந்தப் படத்தில் இருப்பவருக்குப் பெயர் உண்டு. அதன்பிறகு அது யாரோ ஒருவருடைய படம்.

இன்னொரு பக்கம், நம் செல்போனில் ஆயிரக்கணக்கில் படங்கள். பிறந்த நாளுக்கு எடுத்த நூறு படங்களில் ஒன்றைக்கூட நாம் பிரின்ட் போடுவதில்லை. போன் தொலைந்தால் படங்களும் தொலைந்தன. பழைய படங்களுக்குப் பெயர் இல்லை. புதிய படங்களுக்குத் தாள் இல்லை. இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கும் எளிய வழிதான் ஸ்கிராப் புக். படம், அதன் கதை, அந்த நாளின் ஒரு சின்ன அடையாளம் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும் குடும்ப நோட்டு அது.

நமக்குப் புதிதல்ல!

'இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கமாச்சே' என்று நினைக்க வேண்டாம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அம்மாக்களின் கோல நோட்டு, பத்திரிகையில் வந்த சமையல் குறிப்புகளை ஒட்டிவைத்த பழைய டைரி, விசேஷ வீட்டு மொய் நோட்டு... இவையெல்லாமும் ஸ்கிராப் புக்குகள்தான். அந்தப் பெயரை நாம் வைக்கவில்லை, அவ்வளவே.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. தண்ணீர் தொட்டால் ஒட்டிக்கொள்ளும்படி பசை தடவிய ஸ்கிராப் புக் ஒன்றை உருவாக்கி, 1873-ல் அதற்குக் காப்புரிமையே வாங்கினார்!

குடும்பப் புகைப்படங்களின் மதிப்பை இன்று ஆய்வாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு, தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்து ஆவணப்படுத்தியது. 2010-ல் அனுஷா யாதவ் தொடங்கிய 'இண்டியன் மெமரி புராஜெக்ட்' என்ற இணைய ஆவணக் காப்பகம், நாடெங்கும் உள்ள குடும்பங்களின் பழைய படங்களை அவற்றின் கதையோடு சேர்த்து வெளியிடுகிறது. படத்தோடு கதை. அதுதான் முக்கியம்.

முதலில் கேளுங்கள், பிறகு ஒட்டுங்கள்

கத்தரிக்கோலும் பசையும் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன், வீட்டின் மூத்தவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரே நாளில் 200 படங்களை நீட்டினால் அவர்களும் களைத்துப்போவார்கள், நீங்களும் விட்டுவிடுவீர்கள். ஒரு தடவைக்கு ஐந்து படங்கள் போதும். அனுமதி கேட்டுவிட்டு, போனில் ரெக்கார்டரை ஓடவிடுங்கள்.

'இது எந்த வருஷம்?' என்று கேட்டால் 'யாருக்கு ஞாபகம் இருக்கு' என்பார்கள். கேள்வியை மாற்றுங்கள். 'அப்போ பெரிய அண்ணன் பிறந்தாச்சா?', 'இந்தப் புடவை யார் எடுத்துக் கொடுத்தது?', 'யார் வீட்டுத் திண்ணை இது?' என்று கேட்டால் பேச்சு தானாக வரும். 'தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம்' என்றால் 1964. 'எம்.ஜி.ஆர் செத்துப்போனாரே, அதுக்கு அடுத்த தை' என்றால் 1988. நம் பெரியவர்களின் காலண்டர் அப்படிப்பட்டது. படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோவின் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஊர் தெரிந்துவிடும்.

மறதி நோய் உள்ளவர்களைப் பராமரிப்பதில், அவர்களுடைய வாழ்க்கையைப் படங்களும் சிறு குறிப்புகளுமாகத் தொகுத்த புத்தகத்தைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். காலையில் சாப்பிட்டது மறந்தாலும், சிறுவயதில் ஓடியாடிய வீடு பலருக்கு நினைவில் நிற்கும். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் புத்தகம் அவரோடு உட்கார்ந்து பேச ஒரு காரணம்.

ஒரிஜினலில் கை வைக்காதீர்கள்!

ஸ்கிராப் புக்கின் பொன்விதி இது. பழைய படத்தை வெட்டவோ, பசை போட்டு ஒட்டவோ கூடாது. அதை ஸ்கேன் செய்து, பிரதியை மட்டும் ஒட்டுங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யலாம். இல்லையென்றால், வெளிச்சமான ஜன்னலோரத்தில் படத்தைச் சமமாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து போனில் எடுங்கள். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் படத்தின் தரம் குறையாது. போனில் மட்டும் வைக்காமல், ஒரு பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ ஒரு பிரதி, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

என்னென்ன வாங்கலாம்?

* நோட்டு: தடிமனான தாள் கொண்ட, ஸ்பைரல் போட்ட ஸ்கெட்ச் புக். படங்கள் சேரச் சேர நோட்டு உப்பும் என்பதால் ஸ்பைரலே வசதி. அமிலம் இல்லாத தாள் ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மலிவான தாளில் உள்ள லிக்னின் என்ற பொருள்தான் செய்தித்தாளைப் பழுப்பாக்குகிறது. அதே வேலையை அது உங்கள் படங்களின் பக்கத்திலும் செய்யும்.
* ஒட்டுவதற்கு: அந்தக் காலத்துக் கறுப்பு அட்டை ஆல்பங்களில் படத்தின் நான்கு முனைகளையும் பிடித்திருக்குமே, அந்தக் கார்னர்தான் இன்றும் சிறந்தது. படத்தில் பசை படாது. வேண்டும்போது வெளியே எடுக்கலாம். பிரதிகளுக்கு குளூ ஸ்டிக் போதும். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில வருடங்களில் பழுப்பேறிக் கறையை விட்டுவிட்டுக் கழன்றுவிடும்.
* எழுதுவதற்கு: தண்ணீரில் கலையாத நிறமி மை பேனா. படத்தின் பின்னால் எழுத வேண்டுமானால், மென்மையான பென்சிலால் ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தடமாகத் தெரியும்.

ஏழு பக்கங்கள், ஏழு ஐடியாக்கள்

1. ஒரு படம், ஒரு பக்கம்: நடுவில் ஒரே ஒரு படம். கீழே யார், எங்கே, எப்போது, அன்றைக்கு என்ன நடந்தது என்று நான்கு வரி. நிற்கிறவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். 'தாத்தா' என்று மட்டும் எழுதினால், உங்கள் பேரனுக்கு அது எந்தத் தாத்தா என்று தெரியாது. முழுப்பெயரும் ஊரும் அவசியம்.

2. கல்யாணப் பக்கம்: மஞ்சள் தடவிய பத்திரிகையை ஒரு கவரில் செருகி ஒட்டுங்கள். கூடவே மொய் நோட்டின் ஒரு பக்கத்தின் நகல். யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று மொய் நோட்டைப்போலச் சொல்லும் ஆவணம் வேறு கிடையாது. தையல்காரரிடம் மிஞ்சிய கல்யாண ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு இருந்தால், பக்கத்துக்கு பார்டராக வையுங்கள்.

3. அடுக்களைப் பக்கம்: பாட்டியின் கையெழுத்தில் உள்ள வத்தக்குழம்புக் குறிப்பை எண்ணெய்க் கறையோடு அப்படியே நகலெடுங்கள். எழுதத் தெரியாத பாட்டி என்றால், அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். 'ஒரு கை அரிசி', 'கண்ணளவு உப்பு' என்று அவர் சொன்ன சொற்களை கிராமாக மாற்றாதீர்கள். அருகில், சமைக்கும் அவர் கைகளின் படம்.

4. பழைய வீட்டுப் பக்கம்: விற்றுவிட்ட ஊர் வீட்டை, அதில் வளர்ந்தவர்களைச் சேர்ந்து வரையச் சொல்லுங்கள். முற்றம், கிணற்றடி, நெல் குதிர், யார் எங்கே படுத்துத் தூங்குவார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தால், அண்ணன் தம்பிகளுக்குள் ஒரு சின்னச் சண்டையே வரும். அந்தச் சண்டையையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள்!

5. பொங்கல் பக்கம்: ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே வாசல், அதே இடம், அதே வரிசையில் குடும்பமாக ஒரு படம். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து வருடத்துக்கு ஒன்றாக ஒட்டுங்கள். பிள்ளைகள் உயர்வதும், மருமகள் வந்து சேர்வதும், ஓரிடம் காலியாவதும் ஒரே பக்கத்தில் தெரியும்.

6. குரல் பக்கம்: தாத்தாவின் பேச்சைப் பதிவுசெய்து இணைய சேமிப்பில் ஏற்றி, அதற்கான க்யூ.ஆர். கோடை பிரின்ட் எடுத்து அவர் படத்துக்குக் கீழே ஒட்டலாம். ஸ்கேன் செய்தால் அவர் குரல் கேட்கும். இணைப்புகள் ஒருநாள் செயலிழக்கலாம் என்பதால், பதிவைத் தனியாகவும் சேமித்துவைப்பது நல்லது.

7. படம் இல்லாதவர்களின் பக்கம்: எல்லோருக்கும் ஸ்டூடியோ வாசலை மிதிக்க வாய்த்ததில்லை. கூலி வேலைக்குப் போன கொள்ளுத்தாத்தா, ஏழெட்டுப் பிள்ளை பெற்றும் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத பாட்டி, சின்ன வயதிலேயே இறந்துபோன அத்தை... இவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நடுவில் ஒரு வெற்றுக் கட்டம். சுற்றிலும், 'வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அதிகம் வேணும்பா', 'நடந்தா மெட்டிச் சத்தம் கேட்கும்', 'கோபம் வந்தா சாப்பிடாமப் படுத்துக்குவா' என்று பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் எழுதுங்கள். அவர் போட்ட கோலம் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் வரையுங்கள். முழு நோட்டிலும் சீக்கிரமாகச் செய்ய வேண்டிய பக்கம் இதுதான். ஏனென்றால், அவரை நேரில் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பசை ஆல்பமா? கவனம்!

பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசையுள்ள அட்டையில் படத்தை வைத்து மூடும் ஆல்பங்கள் 80-களிலும் 90-களிலும் நம் வீடுகளை நிறைத்தன. அந்தப் பசையும் அட்டையும் நாளடைவில் படங்களைப் பழுப்பாக்கும். படத்தைப் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் டென்டல் ஃபிளாஸ் நூலைப் படத்தின் அடியில் செருகி, ரம்பம்போல மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்துகொண்டால் போதும். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதுவே நல்லது: பிரித்தெடுக்க முயலாமல், கண்ணாடியோடு நகலெடுங்கள்.

வெள்ளம் வந்தால்...

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் வடிந்தபின், சேறு படிந்த ஆல்பங்களைக் குப்பையில் போட்டவர்கள் பலர். நனைந்த படங்கள் எல்லாமே வீணானவை அல்ல. பிரின்ட் போட்ட கடைப் படங்களைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, மேற்பரப்பைத் துடைக்காமல், படம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்தலாம். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் காயவிட்டால் பிரிக்கவே முடியாது. நீரில் ஊறவைத்துப் பிரியுங்கள். இரண்டு நாட்களுக்குள் எல்லாவற்றையும் உலர்த்த முடியாதென்றால், இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, ஜிப் லாக் கவரில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சரிசெய்யலாம். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்தவற்றை மட்டும் நீரில் போடாதீர்கள், மை கரைந்துவிடும்.

எங்கே வைப்பது?

பரண் சூடு, தரையோர அலமாரி ஈரம். இரண்டும் ஆகாது. பீரோவின் நடுத்தட்டு பாதுகாப்பானது. சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றிரண்டு போடுங்கள். பாச்சா உருண்டையைப் படங்களோடு சேர்த்து வைக்க வேண்டாம். ராமபாணப் பூச்சி வராமலிருக்க, வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்துத் தூசு தட்டுங்கள். சரஸ்வதி பூஜை அதற்குப் பொருத்தமான நாள். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது, பழைய கடிதக் கட்டையும் கிழிந்த ஆல்பத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நோட்டு அழகாக வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். கையெழுத்து கோணலாக இருக்கட்டும், ஓரம் பிசிறாக இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவருக்கு போன் செய்யுங்கள். 'அத்தை, உங்க பக்கத்துல நீலத் தாவணியில நிக்கிறது யாரு?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை, போனை வைத்த கையோடு எழுதிவிடுங்கள்.