டிஸ்க் நிஜமாவே கெட்டுப்போச்சா? விண்டோஸை ஏமாற்றிய 'டர்ட்டி பிட்' பிழை!

தர்மபுரி, அரூர், பாலக்கோடு... எந்த ஊர் ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகினாலும், ஒருமுறையாவது 'இந்த டிரைவில் பிரச்சினை, ஸ்கேன் செய்யுங்கள்' என்ற மெசேஜ் வந்திருக்கும். திறந்து பார்த்தால் ஃபைல் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அப்போ கம்ப்யூட்டர் எதைப் பார்த்து பயப்படுது?

டர்ட்டி பிட் என்றால் என்ன?

ஒவ்வொரு டிரைவிலும் ஒரு சின்ன அடையாளக் குறி உண்டு. அதுதான் 'டர்ட்டி பிட்'. பென் டிரைவில் எழுதத் தொடங்கும்போது விண்டோஸ் இதை ஆன் செய்யும்; முறையாக எஜெக்ட் செய்தால் ஆஃப் செய்யும். சட்டென்று பிடுங்கினால் குறி அப்படியே நிற்கும். ஹார்டு டிஸ்க்கின் என்டிஎஃப்எஸ் அமைப்பில், சேதம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் இந்தக் குறி விழும். அடுத்த முறை கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது, 'செக்டிஸ்க்' எனும் சோதனை தானாக ஓடும்.

2021-ல் நடந்தது என்ன?

ஜோனாஸ் எல் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சுட்டிக்காட்டிய ஒரு பிழை, 2021 ஜனவரியில் உலகச் செய்தியானது. விண்டோஸ் 10-ல் ஒரு குறிப்பிட்ட ஃபைல் முகவரியை அணுகினாலே போதும், டிஸ்க் கெட்டுவிட்டதாக விண்டோஸ் அறிவித்துவிடும். அட்மின் அனுமதியும் தேவையில்லை. அந்த முகவரியை ஐகானாக வைத்த ஷார்ட்கட் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாலே பிரச்சினை கிளம்பியது.

பல சமயங்களில் உண்மையான சேதம் எதுவும் இல்லை. குறி மட்டும் தவறாக விழுந்தது. ஆனால், மெசேஜைப் பார்த்து பயந்து டிஸ்க்கை ஃபார்மட் செய்தால், டேட்டா நிஜமாகவே போயிடும்!

ஃபயர்ஃபாக்ஸ் 85.0.1 பதிப்பு இந்த முகவரியைத் தடுத்தது. மைக்ரோசாப்ட் 2021 ஏப்ரலில் இதற்கான அப்டேட்டை வெளியிட்டது.

சோதனையே சிக்கலானால்?

அதற்குச் சற்று முன், 2020 டிசம்பரில் வந்த ஓர் அப்டேட்டுக்குப் பிறகு, பிழையைச் சரிசெய்யும்படி செக்டிஸ்க்கை ஓட்டிய சில கம்ப்யூட்டர்களில் ஃபைல் அமைப்பே சேதமடைந்து, பூட் ஆகாமல் போயின. மைக்ரோசாப்ட் இதை ஒப்புக்கொண்டு சரிசெய்தது. அதாவது, சோதனைக் கருவியும் சாஃப்ட்வேர்தான். அதிலும் தவறு வரலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* மெசேஜ் வந்ததும் ஃபார்மட் பட்டனை அழுத்தாதீர்கள்.

* டிரைவ் திறக்கிறதா? முதலில் முக்கிய ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள்.

* பிறகு டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் எனப் போய் ஸ்கேன் செய்யுங்கள்.

* சோதனை ஓடும்போது பவரை நிறுத்தாதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் போடுங்கள்.

* அதே டிரைவில் எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம். மாற்றிவிடுவது நல்லது.

'நெட் தீர்ந்துடும்' என்று அப்டேட்டை நிறுத்திவைத்திருக்கும் பழைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் இந்த ஓட்டை இன்னும் அடைபடாமல் இருக்கலாம். உங்கள் கடையிலோ வீட்டிலோ அப்படி ஒன்று இருந்தால், இன்றே அப்டேட்டைச் சரிபாருங்கள்.