சுடர் முந்தும், புயல் பிந்தும்

சூரியனில் கரும்புள்ளிகள் திரளும் இடங்களில் காந்தப்புலம் முறுக்கேறிக் கிடக்கும். அந்த முறுக்கு தாளாமல் காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது, தேங்கியிருந்த ஆற்றல் சில நிமிடங்களில் எக்ஸ் கதிராகவும் புற ஊதாக் கதிராகவும் பீறிடுகிறது. இதுவே சூரியச் சுடர்வெடிப்பு. வலிமையை வைத்து ஏ, பி, சி, எம், எக்ஸ் என வகை பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வகையும் முந்தையதைவிடப் பத்து மடங்கு வலியது.

சுடரையும் சூரியப் புயலையும் ஒன்றாகக் குழப்புவது செய்திகளில் வழக்கமாகிவிட்டது. சுடர் வெறும் கதிர்வீச்சு. எட்டு நிமிடம் சொச்சத்தில் பூமிக்கு வந்துவிடும். அதைக் கருவிகள் காணும்போதே அது வந்து சேர்ந்தாயிற்று என்பதால், முன்னெச்சரிக்கைக்கு இடமே இல்லை. பகல் பக்கத்தில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மின்னேற்றம் பெற்று, சிற்றலை வானொலி அலைகளை உறிஞ்சிவிடும். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி கரீபியத் தீவுகளைத் தாக்கிக்கொண்டிருந்தபோதே எக்ஸ்9 அளவுச் சுடர் வெடித்தது. அவசரத் தகவலுக்கு நம்பியிருந்த சிற்றலைத் தொடர்பு தடைபட்டது.

மின்கட்டமைப்பைச் சாய்ப்பது புயல்தான். பெரிய சுடருடன் பல நேரங்களில் நூற்றுக்கணக்கான கோடி டன் பிளாஸ்மா, மேகமாகக் கிளம்புகிறது. பூமியை எட்ட அதற்குப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்டு காரிங்டன் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின்மேல் வெள்ளொளி பளிச்சிட்டது. சாட்சிக்கு ஆள் தேடி ஓடி, ஒரு நிமிடத்துக்குள் திரும்பினார். அதற்குள் ஒளி மங்கத் தொடங்கியிருந்தது. ஏறத்தாழ 17 மணி நேரத்தில் புயல் பூமியைத் தாக்கியது. அமெரிக்காவில் பாஸ்டன், போர்ட்லந்து தந்தி ஊழியர்கள் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாகப் பாய்ந்த மின்சாரத்திலேயே செய்தி பரிமாறினார்கள். மும்பை கொலாபா ஆய்வகமும் காந்தப்புலத்தின் பெருஞ்சரிவைப் பதிவு செய்தது.

தந்திக் கம்பியில் பாய்ந்த அதே வகை மின்னோட்டம் 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் உயரழுத்த மின்பாதைகளில் பாய்ந்தது. அங்கே நிலத்தடிப் பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது; ஆகவே மின்னோட்டம் நீண்ட கம்பிகளை நாடியது. சுமார் 90 நொடியில் கட்டமைப்பு முழுவதும் விழ, 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தார்கள்.

சிறு புயலையும் அலட்சியப்படுத்த முடியாது. 2022 பிப்ரவரியில் சாதாரணப் புயலொன்று மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி விரிக்க, அப்போதுதான் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் சுமார் 40 காற்றின் இழுவையில் வீழ்ந்தன. 2024 மே மாதப் புயலில் ஜி.பி.எஸ். பிழைபட்டதால், அதை நம்பி உழும் அமெரிக்க டிராக்டர்கள் வரிசை தவறின.

கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறது. 2023இல் ஏவிய ஆதித்யா-எல்1 பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று கண்காணிக்கிறது. சூரியனிலிருந்து மேகம் கிளம்புவது தெரிந்தாலும், அதன் காந்தத் திசையை இந்த இடத்தைக் கடக்கும்போதுதான் துல்லியமாக அளக்க முடியும். சேதத்தின் அளவு அதைப் பொறுத்தது. அங்கிருந்து சாதாரண மேகம் பூமியை அடைய ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதிவேகப் புயலுக்கு அரை மணிகூட ஆகாது. மின்மாற்றிகளின் சுமையைக் குறைக்க உறுதியாகக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.