பேட்ச் ஒட்டினால் பார்வை எப்படித் தேறுகிறது?

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரருக்கு இரு பக்கமும் காய் நறுக்கித் தர ஆளுக்கொரு அரிவாள்மணையோடு இரண்டு பேர். ஒருவர் வெட்டும் பீன்ஸ் பொடிப்பொடியாக, ஒரே அளவாக விழுகிறது. இன்னொருவரின் அரிவாள்மணை மழுங்கல். காய் நசுங்கியும் பிய்ந்தும் வருகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பொரியல் கெட்டுவிடும். அதனால் சமையல்காரர் நன்றாக வெட்டுகிறவரின் தட்டை மட்டும் வாங்கிக்கொள்கிறார். மற்றவரும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அவர் தட்டை யாரும் தொடுவதில்லை. நாளாக நாளாக அந்தப் பக்கம் கை நீட்டும் பழக்கமே சமையல்காரருக்கு விட்டுப்போகிறது. பிறகு அந்த ஆளுக்குப் புது அரிவாள்மணையே வாங்கிக் கொடுத்தாலும் சமையல்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை.

சமையல்காரர்தான் மூளை, காய் நறுக்கும் இருவரும் கண்கள். நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு வரும் ‘சோம்பேறிக் கண்’ இப்படித்தான் உண்டாகிறது. கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் விழித்திரை நன்றாகவே இருக்கும், நரம்பும் நன்றாகவே இருக்கும். பழுது தலையின் பின்பக்கத்தில், மூளையின் பார்வைப் பகுதியில். ஒரு கண்ணிலிருந்து வருவதை வாங்கக் கற்றுக்கொண்ட மூளை, மற்றதை வாங்கக் கற்றுக்கொள்ளாமலே வளர்ந்துவிட்டது.

ஏன் ஒரு தட்டு மட்டும் ஒதுக்கப்படுகிறது? மூன்று காரணங்கள். முதலாவது, இரண்டு கண்ணுக்கும் பவர் பெரிதாக வேறுபடுவது. மழுங்கிய அரிவாள்மணை இதுதான். இரண்டாவது மாறுகண். இருவரும் ஆளுக்கொரு காயை வெட்டிக்கொண்டிருந்தால் சமையல்காரர் ஏதாவது ஒன்றைத்தான் எடுப்பார். மூன்றாவது அரிது, ஆனால் ஆபத்தானது: பிறவிக் கண்புரையோ பாவையை மறைக்கும் அளவுக்குத் தொங்கும் இமையோ இருந்தால், ஒருவர் தட்டு அடுப்படிக்கே வந்து சேராது. பிறந்த குழந்தையின் பாவையில் வெள்ளையாக எதுவும் தெரிந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மாறுகண்ணாவது வெளியே தெரியும். தெரிந்தும், ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்று சொல்லிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகாத வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம். பவர் வித்தியாசமோ வெளியே தெரியவே தெரியாது. குழந்தையும் சொல்லாது. ஒரு கண்ணில் மங்கலாகத் தெரிவதுதான் எல்லோருக்கும் வழக்கம் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். பள்ளியில் கண் முகாம் நடத்தி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கும்போதுதான் பிடிபடும். வீட்டிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும்: விளையாட்டாக ஒரு கண்ணைக் கையால் மூடினால் பேசாமல் இருக்கும் குழந்தை, மற்றக் கண்ணை மூடியதும் கையைத் தட்டிவிட்டால் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தை தட்டிவிடவில்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இதெல்லாம் மூளையில்தான் நடக்கிறது என்பதை டேவிட் ஹ்யூபலும் டோர்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டிகளை வைத்துக் காட்டினார்கள். பிறந்த முதல் சில மாதங்களில் ஒரு கண் மூடியே இருந்த குட்டிக்கு, பிறகு அந்தக் கண்ணைத் திறந்துவிட்டும் பயனில்லை. மூளையின் பார்வைப் பகுதியிலிருந்த செல்கள் பெரும்பாலும் மற்றக் கண்ணுக்கே பதில் சொல்லின. வளர்ந்த பூனையின் கண்ணை அதே மாதிரி மூடிவைத்தபோது அப்படி ஒன்றும் ஆகவில்லை. சமையல்காரரின் கைப்பழக்கம் படிவதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் குழந்தைக்கு அந்தப் பருவம் ஏழெட்டு வயதுவரை நன்றாகத் திறந்திருக்கும், பிறகு மெல்ல மெல்லச் சாத்திக்கொள்ளும்.

சிகிச்சையில் முதல் வேலை அரிவாள்மணையைத் தீட்டுவது, அதாவது கண்ணாடி. சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்த பிறகு சரியான பவரைக் கணக்கிடுவார்கள். பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பேறிக் கண்ணில் ஏறக்குறைய கால்வாசிக் குழந்தைகளுக்குக் கண்ணாடியே போதுமானதாக இருந்தது என்று அமெரிக்க ஆய்வு ஒன்றில் தெரியவந்தது. அதனால்தான் பல மருத்துவர்கள் கண்ணாடி போட்டுச் சில வாரங்கள் பார்த்துவிட்டுப் பேட்ச் பற்றிப் பேசுகிறார்கள். ‘பொம்பளப் பிள்ளைக்கு இந்த வயசுலயே கண்ணாடியா’ என்று முகம் சுளிக்கும் உறவினர் பேச்சை இந்த விஷயத்தில் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

கண்ணாடி மட்டும் போதாவிட்டால் பேட்ச், அதாவது நல்ல கண்ணின் மேல் ஒட்டும் மூடி. நன்றாக நறுக்குகிற ஆளைத் தினமும் கொஞ்ச நேரம் கொல்லைப்புறம் அனுப்பிவிடுகிறோம். சமையல் நிற்க முடியாது. சமையல்காரர் வேறு வழியில்லாமல் இந்தப் பக்கம் கை நீட்டுகிறார். முதலில் கிடைப்பதை வைத்துத் தடுமாறுகிறார். வாங்கி வாங்கித்தான் இந்தக் கையின் வெட்டு அவருக்குப் பழகுகிறது. நல்ல கண்ணை மூடும் இந்த யோசனை பழையது. பிரான்ஸின் இயற்கையியலாளர் புஃபோன் 1743லேயே இதைச் சொல்லியிருக்கிறார்.

எத்தனை மணி நேரம்? முன்பெல்லாம் நாள் முழுக்கக் கட்டிவைத்தார்கள். அமெரிக்காவில் பல ஊர்க் குழந்தைகளைச் சேர்த்து நடத்தி, 2003இல் வெளியான ஆய்வுகள் அதை மாற்றின. மிதமான குறைக்கு, அதாவது பார்வை 6/12 முதல் 6/24 வரை இருந்தால், தினம் இரண்டு மணி நேரம் ஒட்டியதும் ஆறு மணி நேரம் ஒட்டியதும் நான்கு மாதத்தில் ஒரே அளவுதான் பலன் தந்தன. அதைவிட மோசமான குறைக்கு ஆறு மணி நேரமும் முழு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சரியாகட்டும் என்று நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். நல்ல ஆளைக் கொல்லைப்புறத்திலேயே வைத்திருந்தால் அவர் கைப்பழக்கமும் போய்விடும். நல்ல கண்ணின் பார்வை குறைவது சிறு குழந்தைகளிடம் உண்மையாகவே நடக்கிறது. மறு பரிசோதனைத் தேதியைத் தவறவிடக் கூடாது என்பது இதற்காகத்தான்.

சொன்ன நேரம் ஒன்று, உண்மையில் ஒட்டியிருந்த நேரம் இன்னொன்று. பிரிட்டனில் பேட்சுக்குள் சிறு மின்னணுக் கருவி வைத்துக் கணக்கெடுத்தபோது, மருத்துவர் சொன்ன நேரத்தில் கிட்டத்தட்டப் பாதிதான் குழந்தைகள் ஒட்டியிருந்தார்கள். கண் பரிசோதனை அட்டையில் ஒரு வரிசை கூடுதலாகப் படிக்க மொத்தம் ஏறத்தாழ 120 மணி நேரம் பிடித்தது. தினம் இரண்டு மணி என்றால் இரண்டு மாதம். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், இரண்டு வாரத்தில் ஒன்றும் மாறவில்லையே என்று மனம் விட்டுப்போகாது.

இனிதான் கஷ்டமான பகுதி. என் அக்கா மகளுக்கு நாலு வயதில் பேட்ச் ஒட்டினார்கள். ஒட்டியதும் அவள் முதலில் செய்தது, ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டது. தினமும் ஓடும் கூடத்தில், தடவித் தடவி நடந்தாள். வண்ணப் புத்தகத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். “தெரியலம்மா, எடுத்துடும்மா” என்றாள். பாட்டி, “பிடிவாதம் பாரு இதுக்கு” என்றார். பிடிவாதமே இல்லை அது. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மூடியிருப்பது அவளுக்குத் தெரிந்த கண். திறந்திருப்பது அவள் இதுவரை பயன்படுத்தாத கண். 6/36இல் இருக்கிற பிள்ளையிடம் அந்த நேரத்தில் எழுத்து எழுது, மணி கோர் என்று உட்கார வைத்தால் அழத்தான் செய்யும். இதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை அன்றோடு தீரும்.

எதைச் செய்யச் சொல்வது? பெரிய பெரிய உருவங்களில் தொடங்கலாம். பெரிய படங்கள், பந்து, பட்டாணி உரிப்பது, பிடித்த கார்ட்டூன். பேட்ச் நேரத்தில் கிட்டத்து வேலைதான் கொடுக்க வேண்டும் என்று முன்பு வற்புறுத்துவார்கள். ஆய்ந்து பார்த்ததில் கிட்டத்து வேலைக்கும் தூரத்து வேலைக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. குழந்தை விழித்திருந்து எதையாவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தூங்கும் நேரம் கணக்கில் சேராது.

பேட்சைத் தோலில் ஒட்டி, அதன் மேல் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும் துணி மூடி வசதிதான், ஆனால் மூக்கோரத்து இடைவெளி வழியாக எட்டிப் பார்க்கக் குழந்தைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையைச் சாய்த்து டிவி பார்த்தால் எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓரத்தை ஈரத்துணியால் நனைத்து, ஊறவிட்டு, புருவ முடி வளரும் திசையிலேயே மெல்ல உரியுங்கள். ஒருநாள் வலித்துவிட்டால் மறுநாள் கிட்டேயே விடாது. தோல் சிவந்தால் பேட்சை ஒட்டும் இடத்தைக் கொஞ்சம் மாற்றி ஒட்டிப் பாருங்கள். தடித்தாலோ புண்ணானாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

தினமும் ஒரே நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. பள்ளியிலிருந்து வந்து பால் குடித்ததும் பேட்ச் என்று பழகிவிட்டால் பேரம் குறையும். குழந்தைக்கும் காரணம் சொல்லுங்கள். நெதர்லாந்தில் பெற்றோருக்கு விளக்கத் துண்டறிக்கை, பரிசு நாட்காட்டி, குழந்தைக்கே ஒரு படக்கதை என்று மூன்றையும் ஒப்பிட்டபோது, அதிக நேரம் பேட்ச் ஒட்டவைத்தது குழந்தைக்குக் கொடுத்த படக்கதைதான். நாலு வயதுப் பிள்ளைக்குப் புரியாது என்று நாம் விட்டுவிடுகிறோம். புரிகிறது.

எவ்வளவு முயன்றும் ஒட்டவிடவில்லையா? நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதை மங்கலாக்கும் வழி இருக்கிறது. நல்ல ஆளை வெளியே அனுப்பாமல் அவர் அரிவாள்மணையை மட்டும் மழுக்குகிறோம். மிதமான குறைக்கு ஆறு மாதத்தில் பலன் பேட்சுக்கு ஏறக்குறைய இணை. வெயிலில் கண் கூசும் என்பதால் தொப்பி வேண்டும். மருந்தைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வாயில் போனால் விஷம். வயது ஏழு தாண்டிவிட்டதே என்று கலங்குகிறவர்களும் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். 7 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பார்வை கூடியிருக்கிறது.

பார்வை தேறியதும் பேட்சை ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. தினம் ஆறு மணி ஒட்டியவர்களுக்கு இரண்டு மணியாகக் குறைத்து, பிறகு நிறுத்துவார்கள். நல்ல ஆள் திரும்பி வந்ததும் சமையல்காரரின் கை பழைய பக்கமே போகப் பார்க்கும். நிறுத்திய ஓராண்டுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை கொஞ்சம் பின்னுக்குப் போகிறது. அப்போதே கண்டுபிடித்தால் மறுபடி ஒட்டி மீட்கலாம். கண்ணாடியையும் கழற்றிவிடலாமா என்று அநேகமாக எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். கழற்றக் கூடாது. பேட்ச் மாற்றியது மூளையின் பழக்கத்தை; கண்ணின் பவர் அப்படியேதான் இருக்கிறது.