காலையில் கிளம்பும் கார் மாலையில் ஏன் மறுக்கிறது?

பழைய அம்பாசடர் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “ஒரேயடியாகக் கெட்டுப்போனாலும் பரவாயில்லை; ஒரு நாள் தொட்டவுடன் கிளம்புகிறது, மறுநாள் அசைய மறுக்கிறது. மெக்கானிக் வந்து நின்றால் உடனே கிளம்பிவிடுகிறது” என்று அலுத்துக்கொள்வார். உடைந்த பல்லை மருத்துவர் பார்த்தவுடனே கண்டுகொள்வார். விட்டுவிட்டு வரும் காய்ச்சலைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அறிவு வேண்டும். காரின் விஷயமும் இதுவே. இந்தத் தொல்லையின் காரணம் தெரியாமல் பாட்டரியை மாற்றி, பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றி, பிறகு காயிலையும் மாற்றிப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்தபின், பத்து ரூபாய் பெறாத ஒரு துருப்பிடித்த போல்ட்தான் குற்றவாளி என்று தெரிய வருவது உண்டு. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டிய வீட்டில் இது வெறும் பணச் செலவாக மட்டும் முடிவதில்லை.

அம்பாசடரையே நாம் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இந்த வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு நின்றுபோனது. இதன் 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜின் எளிமையானது. அதில் கணிப்பொறி இல்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காதால் கேட்டு அறிய முடியாத பகுதி ஏதும் இல்லை. கற்றுக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது கடினம்.

பெட்ரோல் என்ஜின் உயிர் பெற மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். யாராவது அதைச் சுற்றிவிட வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் தக்க அளவில் கலந்து போக வேண்டும். சரியான கணத்தில் தீப்பொறி விழ வேண்டும். ஆகவே சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பாதபோது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “என்ஜின் சுற்றுகிறதா, இல்லையா?” என்பதே. சுற்றவில்லை என்றால் பெட்ரோலையும் பிளக்கையும் பற்றி நினைக்கவே வேண்டாம். நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் ஸ்டார்ட்டரின் மீது பழி போட வேண்டாம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை தீர்ந்துவிடுகிறது. ஆனால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. “செல்ப் எடுக்கவில்லை” என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுகிறார்கள்.

விளக்கு எரிகிறது, மோட்டார் சுற்றவில்லை

“ஹாரன் அடிக்கிறது, விளக்கு பளிச்சென்று எரிகிறது; ஆகையால் பாட்டரியிலும் வயரிலும் குற்றமில்லை” என்று சொல்வது வழக்கம். இது எவ்வளவு தவறு என்பதைப் பள்ளியில் படித்த ஓம் விதியைக் கொண்டே காணலாம்.

பார்க்கிங் விளக்கு 5 வாட் என்றால், 12 வோல்ட்டில் அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 0.4 ஆம்பியர்தான். இரண்டு பெரிய விளக்குகளும் சேர்ந்து 7 அல்லது 8 ஆம்பியர் எடுக்கும். ஆனால் குளிர்ந்து கிடக்கும் என்ஜினைச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் ஏறக்குறைய 150 ஆம்பியர் கேட்கிறது! இப்போது பாட்டரியின் முனையில் வெண்மையும் பச்சையுமாக உப்புப் பூத்து, அந்த இணைப்பில் 0.04 ஓம் மின்தடை சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய தடைதான். பெரிய விளக்குகள் எரியும்போது அதில் இழக்கப்படுவது 0.3 வோல்ட். விளக்கின் ஒளி குறைந்ததாக நம் கண்ணுக்குத் தெரியாது. அதே தடையின் வழியாக ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும்போது என்ன நடக்கும்? வழக்கமாக மோட்டாருக்கு 10 வோல்ட் எட்ட வேண்டும். இப்போது ஏறக்குறைய 7 வோல்ட்தான் எட்டும். மின்னோட்டமும் கூடவே குறைந்துவிடுவதால் மோட்டாரின் திறன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சாலினாய்டு என்னும் மின்காந்தம் ‘டக்’ என்று ஒரு சத்தம் எழுப்புகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கோளாறு ஏன் வருவதும் போவதுமாக இருக்கிறது? உப்புப் படலம் சீராகப் படிவதில்லை. வண்டி குலுங்கும்போது கவ்வி சிறிது நகர்ந்து, ஈயம் ஈயத்தைத் தொடும் ஒரு புள்ளி கிடைத்தால் அன்று வண்டி கிளம்பும். வெப்பத்தில் உலோகம் விரிந்தால் ஒரு மாதிரி. ஆறியபின் வேறு மாதிரி. மெக்கானிக் வந்து பானட்டைத் திறந்து, வழக்கப்படி பாட்டரி வயரை ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறார். அந்த ஆட்டத்திலேயே தொடர்பு ஏற்பட்டுவிடுகிறது! நோய் தீரவில்லை, ஒளிந்துகொண்டது. எனவே வண்டி மறுக்கும் வேளையில் எதையும் ஆட்டாமல், தட்டாமல், அளந்து பார்ப்பதுதான் முறை.

அளப்பதற்கு ஒரு சாதாரண வோல்ட் மீட்டர் போதும். முதலில் வண்டி ஓய்ந்திருக்கும்போது பாட்டரியை அளவுங்கள். நல்ல நிலையில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் நிரம்பியிருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் செய்துவிட்டுத்தான் மற்ற ஆராய்ச்சி. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் ஈயத் தண்டின் மீதும் (கவ்வியின் மீது அல்ல, தண்டின் மீதே), மறுமுனையை ஸ்டார்ட்டரின் செப்பு போல்ட்டின் மீதும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். சுற்றும்போது மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ மின்சாரம் பறிபோகிறது. மீட்டரின் முனையைப் படிப்படியாக நகர்த்தி, கவ்வி, கேபிள், சாலினாய்டு என்று ஒவ்வொரு துண்டாக அளந்தால் எந்தத் துண்டில் வோல்ட் தேங்கி நிற்கிறதோ அதுவே குற்றவாளி. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதுதான் இதன் உயிர்நாடி. ஓட்டம் இல்லாதபோது அளந்தால் அழுகிய கேபிளும் நல்லது போலவே தோன்றும்.

எல்லோரும் மறந்துவிடுவது திரும்பிச் செல்லும் பாதையை. பாட்டரியின் மற்றொரு முனை காரின் உடலோடு இணைந்திருக்கிறது. ஆனால் என்ஜின் ரப்பர் கட்டைகளின் மீது உட்கார்ந்திருக்கிறது; ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே என்ஜினையும் உடலையும் இணைக்கப் பின்னிய செப்புப் பட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். அதை எர்த் பட்டை என்பார்கள். எண்ணெயும் சேறும் படிந்து கிடக்கும் இந்தப் பட்டையை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது அறுந்தோ துருவேறியோ போனால் விளக்குகள் பிரகாசமாகவே எரியும். மோட்டார் மட்டும் அசையாது. சில வண்டிகளில் இன்னொரு விந்தையும் நடக்கும். மின்சாரம் வேறு வழி தேடிச் சோக் கம்பி வழியாகவோ ஆக்ஸிலரேட்டர் கம்பி வழியாகவோ பாயத் தொடங்கும்! சாவியைத் திருப்பியபின் சோக் கம்பி சுடுகிறது என்று யாராவது சொன்னால், வேறு சோதனையே தேவையில்லை. நேராக எர்த் பட்டைக்குப் போகலாம்.

பல்வளையத்தின் இரு பள்ளங்கள்

‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றுகிறது, என்ஜின் நகரவில்லை. அல்லது ‘கரக்’ என்ற ஓசையுடன் எல்லாம் நின்றுவிடுகிறது. இது மின்சாரத்தின் குற்றம் அல்ல, பற்களின் குற்றம். ஸ்டார்ட்டரின் நுனியில் உள்ள சிறிய பல்சக்கரம் பாய்ந்து வந்து பிளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையத்தைக் கவ்வித்தான் என்ஜினைச் சுற்றுகிறது.

இங்கே அழகான ஓர் உண்மை இருக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின் அணைக்கப்படும்போது கண்ட இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் காற்று அமுக்கப்படுகிறது. அந்த அமுக்கத்தைத் தாண்ட வலுவில்லாமல் என்ஜின் பின்வாங்கி நிற்கும். ஆகவே அது ஓய்வெடுக்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பவை. பல ஆண்டுகளாக ஸ்டார்ட்டர் வந்து மோதுவதும் அந்த இரண்டு இடங்களில்தான். மற்ற பற்கள் புதியவை போலிருக்க, அங்கே மட்டும் பற்கள் தேய்ந்துபோகின்றன. தேய்ந்த இடத்தில் என்ஜின் நின்றால் வண்டி மறுக்கும். சற்றுத் தள்ளி நின்றால் கிளம்பும். இதைச் சோதிப்பது எளிது. சாவியை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை ஓரடி தள்ளுங்கள். பிளைவீல் சிறிது திரும்பிவிடும். உடனே நியூட்ரலுக்கு வந்து முயன்றால் கிளம்புகிறது, ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும் இப்படியே என்றால் பல்வளையத்தைச் சந்தேகிக்கலாம். பழைய வகை ஸ்டார்ட்டரில் பல்சக்கரம் கவ்வியபடியே சிக்கிக்கொள்வதும் உண்டு. அதே டாப் கியரில் முன்னும் பின்னும் அசைத்தால் ‘டங்’ என்று விடுபடும். கையால் கியர் மாற்றும் வண்டிக்கே உரிய வசதி இது.

மோட்டாரை ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் சுற்றுகிறதா? அப்படியானால் உள்ளே கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கின்றன. தட்டுவது மருந்தல்ல, ஆனால் நல்ல தடயம்.

தள்ளினால் கிளம்புகிறதா?

தள்ளிக் கிளப்புவதை எல்லோரும் அவசரத்துக்கு உதவும் வித்தையாகவே கருதுகிறார்கள். அதை ஒரு சோதனையாகவும் கொள்ளலாம். இரண்டாவது கியர், சாவி திறந்த நிலை, கிளச் மிதித்தபடி தள்ளல், வேகம் வந்ததும் கிளச்சை விடல். மறுகணமே என்ஜின் உறுமினால், பெட்ரோலும் தீப்பொறியும் நிரபராதிகள். குற்றம் பாட்டரிக்கும் பல்வளையத்துக்கும் இடையில்தான். நெடுந்தூரம் தள்ளியும் பற்றவில்லை என்றால் விசாரணையை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

தீப்பொறியின் கதை சுருக்கமானது. காயிலின் முதல் சுருளில் ஓடும் 12 வோல்ட் மின்சாரத்தை டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட் திடீரென்று துண்டிக்கிறது. காந்தப்புலம் சரிந்து, இரண்டாவது சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. பாயின்ட்டில் தீப்பறக்காமல் காப்பது கண்டென்சர். சூடானபின் மட்டும் கைவிடும் கண்டென்சர்களும் காயில்களும் உண்டு. உள்ளே விரிசல் விட்ட கம்பி, வெப்பத்தில் விரிந்து பிரிந்துபோவதே காரணம். அரைமணி நேரம் ஆறியதும் மறுபடி கூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் மட்டும் மறுக்கும் வண்டிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். உட்புறம் பென்சிலால் கிழித்தது போன்ற மெல்லிய கருங்கோடு தெரிந்தால் மின்சாரம் அவ்வழியே கசிகிறது, மூடியை மாற்ற வேண்டியதுதான்.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது பற்றாமல், கையை விடும் அந்தக் கணத்தில் பற்றிக்கொள்ளும் வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்டார்ட்டர் மின்சாரத்தையெல்லாம் விழுங்கும்போது காயிலுக்குப் போதிய வோல்ட் கிடைப்பதில்லை. ஸ்டார்ட்டர் விட்டதும் வோல்ட் எழுகிறது, கடைசிச் சுழற்சியில் தீப்பொறி விழுகிறது. பாட்டரி தளர்ந்துவருகிறது என்பதற்கு இது முன்னறிவிப்பு.

பெட்ரோலின் பங்கு வெயில் காலத்தில்தான் பெரிதும் தெரியும். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. அதன் மிக இலேசான பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். நெடுந்தூரம் ஓடிவந்து நிறுத்திய பத்து நிமிடத்தில், விசிறியும் நின்று, காற்றோட்டமும் நின்று, பானட்டுக்குள் வெப்பம் ஏறுகிறது. பம்பில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டினால் திரவம் ஏறாது. பம்பின் மீது ஈரத்துணி போடும் நம் டிரைவர்களின் கைவைத்தியம் விஞ்ஞானத்துக்குப் பொருந்தியதே. கார்புரேட்டரில் கொதித்தாலோ எதிர்மாறாக, பெட்ரோல் வழிந்து என்ஜின் மூழ்கிவிடும். அப்போது சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரைப் பம்ப் செய்யாமல், முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். 2023-ஆம் ஆண்டு முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்திருக்கிறது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். பல மாதம் நின்றிருந்த பழைய வண்டியில் இதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்த நாள், நேரம், என்ஜின் சூடா குளிரா, மழையா வெயிலா, என்ன ஓசை கேட்டது, என்ன செய்தபின் கிளம்பியது என்று எழுதிவாருங்கள். பத்துக் குறிப்புகள் சேர்ந்ததும் ஓர் ஒழுங்கு தென்படும். ஒரே சமயத்தில் இரண்டு பாகங்களை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். எது காரணம் என்பது பிறகு ஒருபோதும் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. சாலினாய்டின் இரு போல்ட்டுகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துச் சோதிக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. வண்டி கியரில் கிடந்தால் ஸ்டார்ட்டரே அதை முன்னே தள்ளும். என்ஜின் பற்றிக்கொண்டால் நிறுத்த முடியாது. முன்னால் நிற்பவர் சுவருக்கும் காருக்கும் இடையில் நசுங்கிப்போவார். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முட்டு ஆகிய மூன்றும் இல்லாமல் பானட்டுக்குள் கைவைக்காதீர்கள். சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும்; அருகில் பீடி, நெருப்பு கூடாது. மோதிரத்தையும் இரும்புக் கைக்கடிகாரப் பட்டையையும் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். பாட்டரியிலிருந்து கவ்விகளைக் கழற்றும்போது எர்த் கவ்வியை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் தொடுங்கள்.