புவிசார் குறியீடும் கிராமச் சுற்றுலாவும்: வைன் முதல் கருப்பட்டி வரை

ஒரு பண்டத்தின் தரம், சுவை, நற்பெயர் ஆகியவை அது விளையும் அல்லது செய்யப்படும் ஊரோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருந்தால், அந்த ஊர்ப்பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காப்பதற்குச் சட்டம் தரும் உரிமை புவிசார் குறியீடு எனப்படும். பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், உடன்குடி பனங்கருப்பட்டி ஆகியவை இக்குறியீடு பெற்ற தமிழ்நாட்டு உணவுப் பண்டங்கள். இந்தியா முழுவதிலுமிருந்து வரும் விண்ணப்பங்களைப் பரிசீலித்துப் பதிவு செய்யும் புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் இயங்குகிறது.

இந்த உரிமை ஐரோப்பாவில் வைன் எனப்படும் திராட்சை மதுவுக்காக உருவானது. பின்னர் பாலாடைக்கட்டி, தேயிலை, இனிப்பு, கைத்தறி எனப் பல பொருள்களுக்கும் விரிந்தது. ஊர்ப்பெயரைக் காப்பதோடு, அந்த ஊருக்குப் பயணிகளை வரவழைத்துக் கிராமத்தின் வருமானத்தைப் பெருக்கும் வழியாகவும் இது கருதப்படுகிறது. ஆனால் சான்றிதழ் கிடைத்தவுடன் அப்பயன் வந்துவிடுவதில்லை. பண்டம் ஊரிலேயே செய்யப்பட்டு, செய்பவருக்கும் மூலப்பொருளை விளைவிப்பவருக்கும் விலையில் உரிய பங்கு போனால்தான் பெயரால் ஊருக்குப் பலன் உண்டு.

வைனில் தொடங்கிய வரலாறு

போர்ச்சுகல் நாட்டின் தோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையிலிருந்து போர்ட் வைன் தயாரிக்கப்படுகிறது. அதன் பெயரில் கலப்படம் பெருகியதால், 1756இல் அந்நாட்டு அரசு பள்ளத்தாக்கின் எல்லையை வரையறுத்தது. எல்லையைக் காட்டக் கருங்கல் தூண்கள் நடப்பட்டன. அரசே எல்லை குறித்து ஒழுங்குபடுத்திய மிகப் பழைய வைன் பகுதிகளுள் இதுவும் ஒன்று.

பிரான்சின் ஷாம்பேன் பகுதியில் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. அங்குள்ள வணிகர்கள் சிலர் வெளிப்பகுதிகளிலிருந்து மலிவான திராட்சையை ரயிலில் வரவழைத்து, அதிலிருந்து செய்த வைனை ஷாம்பேன் என்ற பெயரிலேயே விற்றனர். உள்ளூர் உழவர்களின் திராட்சைக்கு விலை விழுந்தது. 1911இல் உழவர்கள் கலகத்தில் இறங்கினர்; வைன் கிடங்குகள் சூறையாடப்பட்டன, படை வரவழைக்கப்பட்டது. ஊர்ப்பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி உழவரின் பிழைப்போடு பிணைந்தது என்பதை இந்நிகழ்வு காட்டியது. 1935இல் பிரான்சு நாடு முழுமைக்குமான சட்டம் ஒன்றை இயற்றியது. எந்த எல்லைக்குள், எந்தத் திராட்சை வகையில், எந்த முறையில் செய்தால் ஒரு வைன் அந்த ஊர்ப்பெயரைத் தாங்கலாம் என்பது விதியாயிற்று.

இந்த எல்லைகளே பின்னாளில் சுற்றுலா வரைபடங்களாகவும் ஆயின. தோரோ பள்ளத்தாக்கு 2001இலும், ஷாம்பேன் பகுதியின் மலைச்சரிவுகளும் நிலவறைகளும் 2015இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வைன் வாங்க வருபவர் தோட்டத்தையும் நிலவறையையும் பார்க்கிறார், ஊரில் தங்குகிறார், உள்ளூர் உணவை உண்கிறார்.

இந்தியச் சட்டமும் கிண்டிப் பதிவகமும்

உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தியா 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இயற்றியது. சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் செயல்படுகிறது. முதலில் பதிவான பொருள் டார்ஜிலிங் தேயிலை. ஷாம்பேன், ஸ்காட்ச் விஸ்கி போன்ற வெளிநாட்டுப் பெயர்களும் கிண்டிப் பதிவகத்தில் பதிவு பெற்றுள்ளன.

குறியீட்டைத் தனியொருவர் தம் சொத்தாகப் பதிய முடியாது. உற்பத்தியாளர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், சட்டப்படி அமைந்த நிறுவனம் ஆகியவையே விண்ணப்பிக்கலாம். பண்டம் செய்யப்படும் எல்லை, மூலப்பொருள், செய்முறை, வரலாறு, தரத்தைச் சோதிக்கும் ஏற்பாடு ஆகியவற்றை விண்ணப்பத்தில் எழுத்தில் தர வேண்டும். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு புதுப்பிக்கலாம். சங்கம் பதிவு பெற்றபின், அந்த எல்லைக்குள் பண்டத்தைச் செய்யும் ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று தனியே பதிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டாம் படியை எடுக்காத சிறு உற்பத்தியாளருக்குத் தம் ஊர்ப்பெயர் தவறாகப் பயன்படுத்தப்படும்போது வழக்குத் தொடுக்கும் உரிமை கிடைப்பதில்லை.

வைனுக்கும் பிற உணவுக்கும் இடையே சட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. உலக வணிக அமைப்பின் ஒப்பந்தம் வைனுக்கும் பிற மதுவகைகளுக்கும் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. ‘ஷாம்பேன் வகை’, ‘ஷாம்பேன் பாணி’ என்று எழுதி விற்பதும் அதன்படி கூடாது. பிற பண்டங்களுக்குப் பொதுவான பாதுகாப்பு மட்டுமே உண்டு. வாங்குபவர் ஏமாற வாய்ப்புண்டு என்பதை நிறுவ வேண்டும். இந்தியச் சட்டத்தில் மைய அரசு அறிவிக்கை வெளியிட்டு எந்தப் பொருளுக்கும் கூடுதல் பாதுகாப்புத் தர இடம் இருக்கிறது. அத்தகைய அறிவிக்கை இல்லாதவரை, ஒரு பால்கோவாவின் ஊர்ப்பெயரைக் காப்பது ஒரு வைனின் ஊர்ப்பெயரைக் காப்பதைவிடக் கடினம்.

மூன்று பண்டங்கள், மூன்று ஊர்கள்

பழனி பஞ்சாமிர்தம் 2019இல் குறியீடு பெற்றது. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய் ஆகிய ஐந்தும் இதன் அடிப்படை. பேரீச்சையும் கற்கண்டும் சேர்வதுண்டு. இதற்குச் சிறந்ததாகக் கருதப்படும் விருப்பாச்சி வாழை, பழனி மலைச்சரிவுகளில் காப்பிச் செடிக்கு நிழலாக ஊடுபயிராக வளர்வது. அதன் பழத்தில் ஈரப்பதம் குறைவு என்பதால் பஞ்சாமிர்தம் நாள்பட இருக்கும். முடிக்கொத்து நோய் பரவியதால் ஒரு காலத்தில் இந்த வாழையின் பரப்பு பெரிதும் சுருங்கியது. நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கி நட்டு அதை மீட்கும் பணி நடந்தது. விருப்பாச்சி மலை வாழைக்கே 2008இல் தனிக் குறியீடு கிடைத்தது. பண்டத்துக்கும் அதன் மூலப்பொருளுக்கும் தனித்தனியே குறியீடு இருப்பதால் ஆலயத்தின் புகழில் மலை உழவருக்கும் பங்கு கேட்க வழி உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019இல் பதிவானது. பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேர்ப்பதில்லை. விறகடுப்பில் இடைவிடாமல் கிளறிச் சுண்டவைப்பதே இதன் முறை. சுற்றுவட்டாரக் கறவை மாடுகளின் பாலும் பால் கூட்டுறவுச் சங்கமும் இத்தொழிலின் அடித்தளம். ஆண்டாள் கோயிலுக்கு வருபவர்கள் வாங்கிச் சென்றே இதன் பெயர் பரவியது.

கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இல் குறியீடு பெற்றது. கரிசல் மண்ணில் விளையும் நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் ஆகியவை இதன் சுவைக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தொடக்கத்தில் வெல்லத்துக்குப் பதில் பனங்கருப்பட்டி சேர்க்கப்பட்டது. மானாவாரி நிலத்துக் கடலைக்கு அருகிலேயே சந்தை அமைவது இத்தொழிலால் உழவருக்குக் கிடைக்கும் நன்மை.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை

தமிழ்நாட்டில் வைன் பகுதிகளோடு ஒப்பிடத்தக்க இடம் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கு விளையும் பன்னீர் திராட்சை, உலக அளவில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் வகை. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படுகிறது. 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் இப்பள்ளத்தாக்குக்குப் பாசனம் தருகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துச் செய்யும் நாளை மாற்றிக்கொள்வதால் ஆண்டு முழுவதும் இங்கே அறுவடை நடக்கிறது. பிற பகுதிகளில் திராட்சைக்குப் பருவம் உண்டு. இங்கே எந்த மாதத்தில் வரும் பயணியும் பந்தலில் பழத்தைப் பார்க்கலாம். 2023இல் இதற்குக் குறியீடு கிடைத்தது.

மகாராஷ்டிர மாநிலம் நாசிக் வேறு பாதையில் சென்றது. அம்மாநில அரசு 2001இல் வைன் தொழிலுக்கென ஊக்கக் கொள்கை வகுத்தது. 2005 முதல் அங்குள்ள சூலா பண்ணையில் வருபவர்கள் வைனை ருசிபார்த்து வாங்க ஏற்பாடு உள்ளது. நாசிக் பள்ளத்தாக்கு வைன் 2010இல் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருப்பதால், நாசிக்கைப் போன்ற பண்ணைச் சுற்றுலா கம்பத்தில் வளரவில்லை. தேக்கடிக்குச் செல்லும் பயணிகள் வழியில் திராட்சைத் தோட்டங்களில் இறங்கிப் பழமும் பழச்சாறும் வாங்குகின்றனர். உழவர் நேரடியாக விற்க இது ஒரு வாய்ப்பு. ஆனால் பெரும்பகுதிப் பழம் இன்றும் வியாபாரிகள் வழியேதான் சந்தைக்குப் போகிறது.

பனை: ஒரே சாறு, இரண்டு பண்டங்கள்

திராட்சைச் சாறு வைனாவதுபோல் பனஞ்சாறு கள்ளாகிறது. பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் வடியும் சாறு தானே புளித்துக் கள்ளாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் இனிப்பான பதநீராக இறங்கும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. அண்டை மாநிலமான கேரளத்தில் கள்ளுக்கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன. ஆகவே தமிழ்நாட்டுப் பனையேறிகளின் வருமானம் பதநீர், கருப்பட்டி, பனங்கற்கண்டு ஆகியவற்றை நம்பியே உள்ளது. தடையை நீக்கக் கோரும் போராட்டங்களும் தொடர்கின்றன.

தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடி வட்டாரம் தேரி எனப்படும் செம்மணல் நிலத்தை ஒட்டியது. கோடைப் பருவத்தில் பனையேறி நாள்தோறும் பல மரங்களில் ஏறிப் பாளை சீவுகிறார். இறக்கிய பதநீரை விடிலி என்னும் குடிசையில் பெண்கள் அகன்ற பாத்திரத்தில் காய்ச்சி, பாகு பதத்தில் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்குகின்றனர். விறகுப் புகையில் பல மணி நேரம் நிற்கும் வேலை இது. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இல் குறியீடு கிடைத்தது.

இத்தொழிலுக்கு இரண்டு நெருக்கடிகள் உள்ளன. மரமேறுவதில் உயிராபத்து உண்டு, வருமானமும் ஆண்டில் சில மாதங்களே. எனவே இளைஞர்கள் இத்தொழிலுக்கு வருவது குறைந்துவிட்டது. மற்றொன்று, வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து கருப்பட்டி என்ற பெயரில் விற்பது. கலப்படக் கருப்பட்டி மலிவாகக் கிடைக்கும்போது உண்மையான கருப்பட்டிக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைப்பதில்லை. ஷாம்பேன் உழவர்கள் 1911இல் எதிர்த்த அதே சிக்கல்தான் இது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. ஆயினும் ஏறுவதற்கு ஆள் இல்லாவிட்டால், வெட்டப்படாத மரத்தாலும் அந்த ஊருக்கு வருமானம் இல்லை.

சென்னைக் கடையும் ஊர்ப் பயணமும்

இந்தப் பண்டங்களைப் பெருமளவில் வாங்குவது நகரங்களே. தியாகராய நகரின் கடைவீதிகளிலும் மயிலாப்பூர் மாடவீதிகளிலும் அடையாற்று இயற்கை அங்காடிகளிலும் ஊர்ப்பெயர் தாங்கிய இனிப்புகளும் கருப்பட்டியும் கிடைக்கின்றன. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் செய்யப்பட்டதா, நகரத்திலேயே செய்து பெயர் ஒட்டப்பட்டதா என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை மூன்று: தயாரித்தவரின் முகவரி குறியீட்டு எல்லைக்குள் உள்ளதா, சேர்மானப் பட்டியலில் வேறு பொருள் இருக்கிறதா, 2018இல் மைய அரசு வெளியிட்ட புவிசார் குறியீட்டுச் சின்னம் உள்ளதா.

நேரில் சென்று வாங்கும்போது இந்த ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கிராமச் சுற்றுலாவும் பண்டத்தின் பெயரும் ஒன்றுக்கொன்று துணையாவது இங்கேதான். தமிழர்க்கு இது புதிதல்ல. பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள் பஞ்சாமிர்தத்தோடு திரும்பும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலையின் வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் உள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூரையும் கம்பம் பள்ளத்தாக்கையும் ஒட்டிய மலைக்காடுகள் 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. பண்டம், கோயில், காடு மூன்றையும் ஒரே பயணத்தில் காண இந்த ஊர்களில் வாய்ப்பு உண்டு.

ஐக்கிய நாடுகள் சுற்றுலா அமைப்பு 2021 முதல் சிறந்த சுற்றுலாக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்து வருகிறது. அவ்வாண்டே இந்தியாவிலிருந்து தெலங்கானாவின் போச்சம்பள்ளி தேர்வானது. அவ்வூரின் இக்கத் நெசவு ஏற்கெனவே புவிசார் குறியீடு பெற்றது. நெசவைத் தறியிலேயே பார்த்து வாங்கலாம் என்பதே அங்கு பயணிகளை ஈர்ப்பது.

நீடித்த சுற்றுலாவுக்கு வேண்டியவை

நீடித்த சுற்றுலா என்பது ஊரின் தண்ணீர், மண், தொழில் ஆகியவற்றை அழிக்காமல், வரும் தலைமுறைக்கும் அவற்றை விட்டுவைக்கும் சுற்றுலா. உணவுப் பண்டங்களைப் பொறுத்தவரை சில நடைமுறைகள் இதற்குத் தேவை.

முதலாவது, பருவத்தை மதிப்பது. பதநீர் இறங்காத மாதத்தில் பயணிக்காகப் பதநீர் தேடினால் கலப்படத்துக்கே வழி பிறக்கும். இரண்டாவது, காட்டும் வேலைக்கும் கூலி தருவது. பனையேறுவதையும் கருப்பட்டி காய்ச்சுவதையும் பார்ப்பதற்குக் கட்டணம் வைத்து, அது தொழிலாளிக்கே சேர வேண்டும். மூன்றாவது, கழிவும் எரிபொருளும். பொட்டலத்துக்கு நெகிழிக்குப் பதில் பனையோலைப் பெட்டி பயன்பட்டால் மற்றொரு கைத்தொழிலும் பிழைக்கும். புகை குறைந்த அடுப்பு அமைந்தால் காய்ச்சும் பெண்களின் உடல்நலம் காக்கப்படும். நான்காவது, ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ பதிவு. சங்கங்களும் கூட்டுறவுகளும் சிறு உற்பத்தியாளர்களை இப்பதிவில் சேர்த்தால், ஊர்ப்பெயரைக் காக்கும் உரிமை பெரிய விற்பனையாளர்களிடம் மட்டும் தங்கிவிடாது.