ஒரே அறையில் பல கரங்கள்

உடலில் ஏற்படும் காயம் கண்ணுக்குத் தெரியும். வன்முறையாலும் புறக்கணிப்பாலும் மனத்தில் ஏற்படும் காயம் வெளியே தெரிவதில்லை. அத்தகைய காயத்திற்கு ஆளானவர் சிறு ஓசைக்கும் திடுக்கிடலாம்; கேட்ட கேள்விக்கு விடை கூறாமல் மௌனமாக இருக்கலாம்; நடந்தவற்றை முன்பின்னாகச் சொல்லலாம். இதை அறியாதவர், ‘இவர் பொய் சொல்கிறார்’ என்றோ, ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’ என்றோ தவறாக எண்ணிவிடுவர்.

இத்தகையோரைப் புரிந்துகொண்டு உதவும் முறையே ‘மனக்காயம் அறிந்த பராமரிப்பு’ ஆகும். அமெரிக்க அரசின் மனநலச் சேவை அமைப்பு 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, இதற்கு நான்கு கூறுகளைக் குறிப்பிடுகிறது. மனக்காயத்தின் பாதிப்பை உணர்தல், அதன் அறிகுறிகளை அடையாளம் காணல், அதற்கேற்பச் செயல்படுதல், மீண்டும் காயப்படுத்தாதிருத்தல் என்பனவே அவை. இவற்றுள் நான்காவது கூறு மிக முக்கியமானது. உதவி நாடி வந்தவரை, உதவும் முறையே மேலும் புண்படுத்தக்கூடாது.

முன்பு, வன்முறைக்கு ஆளான ஒருவர் பல இடங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு முறை, மருத்துவ நிபுணரிடம் ஒரு முறை, காவல் நிலையத்தில் ஒரு முறை, சமூக நல அலுவலகத்தில் ஒரு முறை எனத் தம் துயரத்தைத் திரும்பத் திரும்பக் கூற நேர்ந்தது. ஒவ்வொரு முறை கூறும்போதும் பழைய அச்சம் மீண்டும் எழும். இதைத் தாங்க இயலாமல் பாதியிலேயே வீடு திரும்பியோரும் உண்டு. அந்த வீட்டிலேயே ஆபத்து காத்திருப்பதும் உண்டு.

இந்நிலையை மாற்ற, 1994ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவமனையில் ‘ஓ.எஸ்.சி.சி.’ எனப்படும் ஒருங்கிணைந்த நெருக்கடி உதவி மையம் தொடங்கப்பட்டது. 1996ஆம் ஆண்டில், அரசாங்க மருத்துவமனைகளில் இத்தகைய மையங்களை அமைக்குமாறு சுகாதார அமைச்சு பணித்தது. ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு மருத்துவமனையிலும் இச்சேவை வழங்கப்படுகிறது.

இம்மையத்தின் அடிப்படைக் கருத்து எளிமையானது. பாதிக்கப்பட்டவர் பல துறைகளைத் தேடிச் செல்வதற்கு மாறாக, அத்துறைகள் அவரைத் தேடி வர வேண்டும். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர், பிறர் பார்வை படாத தனி அறைக்கு அழைத்துச் செல்லப்படுகிறார். மருத்துவர் சிகிச்சை அளிப்பதோடு, வழக்கிற்குத் தேவையான தடயங்களையும் சேகரிக்கிறார். காவல்துறையினர் புகாரைப் பதிவு செய்கின்றனர். மருத்துவச் சமூகப் பணியாளர், அவர் அடுத்துத் தங்கப் பாதுகாப்பான இடம் உண்டா என்று ஆராய்கிறார்.

இப்பணியில் அரசு சாரா இயக்கங்களும் பங்காற்றுகின்றன. 1985ஆம் ஆண்டு முதல் பினாங்கில் இயங்கிவரும் ‘டபள்யூ.சி.சி.’ எனப்படும் பெண்கள் மாற்ற மையம் அவற்றுள் ஒன்று. மன ஆறுதல், சட்ட விளக்கம், நீதிமன்றத்தில் துணை நிற்றல் போன்ற உதவிகளை அது வழங்குகிறது.

சட்டமும் இக்கூட்டுப் பணிக்குத் துணை நிற்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சமூக நல அதிகாரி ஏழு நாள்களுக்குச் செல்லுபடியாகும் அவசரப் பாதுகாப்பு உத்தரவை வழங்கலாம். இதற்காக நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறார்களுக்கும் தனிச் சட்டம் உண்டு. 2007ஆம் ஆண்டுச் சிறார் சாட்சியச் சட்டத்தின்படி, சிறார் சாட்சிகள் திரைமறைவிலிருந்தோ காணொளி வழியாகவோ சாட்சியம் அளிக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் காணும் அச்சம் இதனால் குறைகிறது.

எனினும், தனி அறை ஒன்றை ஒதுக்குவதால் மட்டும் பணி முடிந்துவிடாது. பயிற்சி பெற்ற பணியாளர் இடம் மாறிச் சென்றால், புதியவருக்கு மீண்டும் பயிற்சி தேவை. மருத்துவர் உடற்காயத்தையும், காவலர் சாட்சியத்தையும், சமூகப் பணியாளர் தங்குமிடத்தையும் முதன்மையாகக் கருதுவர். இவர்கள் கலந்து பேசாவிட்டால் பாதிக்கப்பட்டவர் மீண்டும் அலைக்கழிக்கப்படுவார். மொழியும் ஒரு சவாலாகும். தமிழ், மலாய், மாண்டரின், ஹொக்கியன் எனப் பல மொழிகள் புழங்கும் பினாங்கில், தாய்மொழியில் பேச முடிந்தாலே பலர் மனம் திறப்பர். மொழிபெயர்க்க உடன் வந்த உறவினரை அமர்த்துவதும் சரியன்று. அவர் முன்னிலையில் உண்மையைக் கூற அஞ்சுவோர் பலர்.

இக்கூட்டு முயற்சியில் பள்ளிக்கும் இடமுண்டு. எப்போதும் கலகலப்பாக இருந்த மாணவர் திடீரென ஒதுங்கி இருப்பதையும், அடிக்கடி பள்ளிக்கு வராததையும் முதலில் கவனிப்பவர் ஆசிரியரோ நண்பரோதான். ‘உனக்கு என்ன ஆயிற்று?’ என்று துருவாமல், பொறுமையுடன் செவிசாய்க்க வேண்டும். பிறரிடம் பரப்பாமல், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ தெரிவிக்க வேண்டும். 15999 என்ற ‘தாலியான் காசே’ எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர். வடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நகராது. மருத்துவர், காவலர், சமூகப் பணியாளர், ஆசிரியர் ஆகியோர் ஒரே திசையில் இழுத்தால்தான், காயப்பட்டவர் தம் கதையை ஒரு முறை சொல்லி, பாதுகாப்புடன் நலம்பெற முடியும்.