பென்ஷன் புத்தகத்தை இன்றே பிரித்துப் பாருங்கள்

சேக்காட்டிலும் ஆவடியின் சுற்றுப்புறங்களிலும், கனரக வாகனத் தொழிற்சாலையிலோ, படைத்துறை உடைத் தொழிற்சாலையிலோ, மாநில சர்க்காரின் ஏதேனும் ஓர் இலாகாவிலோ ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வுபெற்றவர் ஒருவரேனும் இல்லாத தெரு அபூர்வம். அவர்கள் கூடுமிடங்களிலெல்லாம் பேச்சு அகவிலைப்படியைப் பற்றியே நடக்கிறது. கஜானா வறண்டால் முதலில் கைவைக்கப்படுவது ஊதியத்திலும் ஓய்வூதியத்திலுந்தான் என்னும் அச்சம் ஆதாரமற்றதன்று. 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரையிலான 18 மாதங்களுக்கு மத்திய சர்க்கார் அகவிலைப்படி உயர்வை நிறுத்திவைத்ததையும், மாநில அரசு அவ்வழியைப் பின்பற்றியதையும் எவரும் மறக்கவில்லை. ஆயினும் ஓய்வூதியம் ஆள்வோரின் தயவன்று, உழைத்தவரின் உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் ஐயத்திற்கிடமின்றி உரைத்துவிட்டது.

அந்த உரிமை குடும்பத்தலைவர் மறைந்தபின் அவர் மனைவியின் கைக்கு வந்து சேராமல் இடைவழியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் நிதிநெருக்கடியன்று, நம்முடைய அசிரத்தையே. ஓய்வூதியக் கொடுப்பாணையில், அதாவது நாம் பென்ஷன் புத்தகம் என்று சொல்வதில், ‘லட்சுமி’ என்றிருக்கும். ஆதாரில் ‘விஜயலட்சுமி’ என்றிருக்கும். பிறந்த தேதிக்குரிய கட்டமோ வெறுமையாக இருக்கும். முப்பது ஆண்டுகள் பூட்டிவைத்த புத்தகத்தை அப்போதுதான் பிரிப்பார்கள். அதிகாரியோ, பிழையைத் திருத்தும் வழியைச் சொல்லாமல், “நாளை வாருங்கள்” என்பதோடு தம் கடமை முடிந்ததாகக் கருதுவார்.

ஆகவே ஓய்வூதியர் உயிருடன் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். மாநில ஓய்வூதியர், தாம் கடைசியாகப் பணியாற்றிய அலுவலகத்தின் தலைவருக்கு சான்றுகளின் நகல்களுடன் விண்ணப்பிக்க வேண்டும். அவர் வழியாக அது தேனாம்பேட்டையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகம் சென்று, திருத்த ஆணை கருவூலத்திற்கு வரும். பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஓய்வூதியர் ‘ஸ்பர்ஷ்’ என்னும் ஓய்வூதிய இணையதளத்தில் தம் விவரங்களைச் சரிபார்த்து, பிழையிருப்பின் அங்கேயே கோரிக்கை பதிய வேண்டும். மாற்றுத்திறனாளியான பிள்ளை இருப்பின், மருத்துவச் சான்றுடன் அவர் பெயரையும் இப்போதே சேர்க்க முயலுங்கள். எங்கே மனு கொடுத்தாலும் தேதியிட்ட ஒப்புகையின்றித் திரும்பாதீர்கள். பதில் வராவிடில் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன் கோப்பின் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் விடையளிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

மரணம் நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்வதற்குக் கட்டணமில்லை. வீட்டில் நேர்ந்த மரணமாயின் ஆவடி மாநகராட்சியில் நாமே சென்று பதிய வேண்டும். அடுத்துக் கருவூலத்திற்கோ, ஸ்பர்ஷ் வழியாகவோ உடனே தெரிவியுங்கள். கூட்டுக் கணக்குத்தானே என்று, இறந்தவர் பெயரில் தொடர்ந்து வரும் தொகையை ஏ.டி.எம்.மில் எடுத்துச் செலவழிக்காதீர்கள். அது பின்னர் குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்தம் செய்யப்படும். மாநில ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதியில் 50,000 ரூபாய் உண்டென்பதையே அறியாத குடும்பங்கள் பல; மாதந்தோறும் சந்தா பிடிக்கப்பட்டிருந்தும் கேளாமல் விடுவது எவ்வளவு பேதைமை!

வாழ்நாள் சான்றையும் மறவாதீர்கள். மத்திய ஓய்வூதியருக்கு நவம்பர். மாநில ஓய்வூதியருக்கு அவர் ஓய்வுபெற்ற மாதம். நடமாட இயலாதவர் வீட்டிற்குத் தபால்காரரே வந்து 70 ரூபாய்க் கட்டணத்தில் டிஜிட்டல் சான்று எடுத்துத் தருவார். “கருவூலத்திலிருந்து பேசுகிறேன்” என்று ஓ.டி.பி. கேட்பவன் மோசக்காரன், ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 எண்ணில் புகார் செய்யுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: அகவிலைப்படி எப்போது உயரும் என்பது கோட்டையிலும் டில்லியிலும் தீர்மானமாகும் விஷயம், பென்ஷன் புத்தகத்தில் மனைவியின் பெயர் பிழையின்றி இருக்கிறதா என்பதை இன்று மாலையே நீங்கள் தீர்மானித்துவிடலாம். அந்தப் புத்தகத்தின் நகலொன்றை அவரிடமே கொடுத்து, மூலம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள்.